மாமன் தோட்டத்து மூங்கிலுக்கு என்ன வயசு?

போன பங்குனியில் ஒருநாள் மத்தியானம் மாமா கூப்பிட்டார். சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் போகிற ரோட்டில், ஒரு மண் தடத்தில் உள்ளே இறங்கினால் அவர் தோட்டம். அம்மாவின் தம்பி. சாதாரணமாக நான்தான் கூப்பிட்டுப் பேசுவேன், அவராகக் கூப்பிட்டால் ஒன்று வீட்டில் விசேஷமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏதோ சரியில்லை. "கண்ணு, நீ மூங்கிலப் பத்தித்தான படிக்கிற? நம்ம மூங்கிலு பூவெடுத்துருச்சு. ஒண்ணு ரெண்டில்ல, அத்தனையும். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ சாமி" என்றார். குரல் இறங்கியிருந்தது. ஆய்வகத்தில் வேலையாக நின்றிருந்த நான் கையில் இருந்ததை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் அந்த மூங்கிலை நட்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி அன்னூர், புளியம்பட்டி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. முக்கால் ஏக்கர், 150 குத்து, அதாவது 150 மூங்கில் புதர், எல்லாம் கல் மூங்கில். ஏணிக்கும் தடிக்கும் பந்தல் காலுக்கும் நல்ல விலை போகும், யானை வந்தாலும் கரும்பு அளவுக்கு நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டு வைத்தது. ஒரு நாற்றுப் பண்ணையில் வாங்கியது, பெயர் வேண்டாம். அடுத்த வருஷம் முதல் வெட்டு என்று காத்திருந்தார். நான் போனபோது இலை முக்கால்வாசி கொட்டிவிட்டது. கணுவுக்குக் கணு பழுப்பாக முள்ளுருண்டை மாதிரி பூங்கொத்து, கை வைத்தால் குத்துகிறது, அதிலிருந்து மெல்லிய காம்பில் மகரந்தப் பைகள் தொங்கி ஆடுகின்றன. பக்கத்தில் நின்றால் தேனீ இரைச்சல். பார்க்க அழகாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் மாமா முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மூங்கில் பூத்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பூக்கும், விதை கொட்டும், குத்தோடு காய்ந்துபோகும். எனக்கு ஒரு பத்து வயசு இருக்கும்போது அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோட்டத்துப் பள்ளத்து ஓரம் நின்ற முள் மூங்கில் அப்படிப் போனது. அதை யார் வைத்தார்கள் என்று அப்புச்சிக்கே தெரியாது. ஆட்டுப்பட்டிக்குப் படல், தென்னை ஏற ஏணி, தவசம் கொட்டி வைக்கிற தொம்பை, பட்டுப்புழு கூடு கட்டுகிற சந்திரிகை, எல்லாம் அந்த ஒரு குத்திலிருந்து வந்ததுதான், யார் வீட்டிலாவது பெரியவர் போய்ச் சேர்ந்தால் பாடைக்கும் அங்கேதான் வந்து வெட்டுவார்கள். அது பூத்த வருஷம் அம்மிச்சி குத்தைச் சுற்றித் தரையைக் கூட்டி, சாணி தெளித்து மெழுகி வைத்தார். தினமும் காலையில் விழுந்த விதையைக் கூட்டி அள்ளிப் புடைத்து, மூங்கில் அரிசிக் கஞ்சி காய்ச்சினோம். கோதுமைக்கும் நெல்லுக்கும் நடுவில் ஒரு ருசி. "அதுக்கு நேரம் வந்துருச்சு, போவுது" என்று மட்டும்தான் அப்புச்சி சொன்னார். யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை, கிழட்டுக் குத்து.

மாமாவின் கேள்வி வேறு. "அது கெழடு, செத்துச்சு. இது நாலு வருசப் பிள்ள. நாலு வருசப் பிள்ளைக்கு எப்படி நரை வரும்?"

இதைவிட நன்றாக அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது என்று நினைக்கிறேன். நான் படிக்கிற துறையே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மூங்கில் மரம் போல நின்றாலும் அது புல். நெல், சோளம், கம்பு, கரும்பு எல்லாம் அதற்குச் சொந்தம். ஆனால் நெல் மூன்று நான்கு மாதத்தில் பூத்து முடிக்கிற வேலையை மூங்கில் பல பத்தாண்டு தள்ளிப்போடும். நம் முள் மூங்கில் 45 வருஷத்தை ஒட்டிப் பூக்கும் என்பார்கள். கல் மூங்கிலுக்கு அவ்வளவு கறாரான கணக்கு கிடையாது, 25-லிருந்து 45 வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம், இடத்துக்கு இடம் மாறும், கூட்டமாகவும் பூக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் பூக்கும். மிசோரமில் ஒரு மூங்கில் 48 வருஷத்துக்கு ஒருமுறை மலைமலையாகப் பூக்கிறது. விதையைத் தின்று எலி பெருகி, விதை தீர்ந்ததும் வயலுக்குள் இறங்கிப் பஞ்சம் வரும். 1959-ஐ ஒட்டி வந்த அந்தப் பஞ்சத்தில்தான் அங்கே அரசியலே மாறியது. மறுபடி 2006, 2007-ல் கணக்குத் தவறாமல் பூத்தது.

அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது? மழையிலா, மண்ணிலா, செடிக்குள்ளேயா? ஜப்பானில் 1912-ல் விதைத்த மோசோ என்கிற குளிர்ப்பிரதேச மூங்கில் 1979-ல் பூத்தது. 1930-ல் விதைத்தது 1997-ல் பூத்தது. இரண்டும் சரியாக 67 வருஷம். இந்த 67 வருஷத்துக்குள் எத்தனை வறட்சி, எத்தனை பனி, ஒரு பெரிய போர் வேறு. எதுவும் அந்தக் கணக்கை அசைக்கவில்லை. விதைத்து வைத்தவர் பூவைப் பார்க்க மாட்டார் என்று தெரிந்தே ஒருவர் தேதி எழுதி வைத்திருக்கிறார், அடுத்து வந்தவர் பத்திரப்படுத்தியிருக்கிறார், அதற்கடுத்தவர் பார்த்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆக, வயசு விதை முளைத்த நாளிலிருந்து ஓடுகிறது. குத்தைப் பிரித்து நட்டாலும், கழியை வெட்டிப் போத்து வைத்தாலும், திசு வளர்ப்பில் கண்ணாடிக் குப்பிக்குள் ஆயிரம் செடியாகப் பெருக்கினாலும், அந்த வயசு திரும்பப் பூஜ்யத்துக்குப் போவதில்லை. முருங்கைப் போத்து வைத்தால் தாய் மரத்தின் காய்தானே வரும்? அது போலத்தான், ருசி மட்டுமல்ல, வயசும் சேர்ந்து வருகிறது. மாமா வாங்கிய செடி ஒரு கிழக் குத்திலிருந்து எடுத்த போத்தாக இருந்தால், பைக்குள் வரும்போதே அதற்கு முப்பதோ நாற்பதோ ஆகியிருக்கும்.

இதை அன்றைக்கே மாமாவிடம் சொல்லிவிட்டேன், ஆனால் ஊகமாகத்தான். "நெசமா அப்படித்தானான்னு பாத்துச் சொல்லு" என்றார். சரி என்று இலை பறித்துக்கொண்டு கிளம்பினேன். எட்டுக் குத்திலிருந்து எட்டுப் பை, அந்தந்தக் குத்துக்கு வரிசை எண். ஒப்பிட்டுப் பார்க்க, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் விதையில் வளர்ந்தது என்று உரியவர்களே உறுதியாகச் சொன்ன இரண்டு கல் மூங்கில் குத்திலிருந்தும் எடுத்தேன். காட்டுக்குள் போய் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு நேரமில்லை.

மூங்கில் இலையிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "டிஎன்ஏ டெஸ்ட்" என்றால் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும் என்று ஊரில் நினைக்கிறார்கள். முற்றிய இலை ஆகாது. மூங்கில் இலையில் மணல் மாதிரி சிலிக்கா, அதோடு மாவுச்சத்து வகையறாவும் துவர்ப்புச் சத்தும் ஏகமாக இருக்கும். மாமா தோட்டத்தில் இலை கொட்டிக்கொண்டிருந்ததால் கிடைத்ததை எடுத்து வந்தேன், முதல் தடவை எட்டுக் குழாயிலும் பழுப்பாகக் கஞ்சி உறைந்த மாதிரிதான் வந்தது. ஒன்றுக்கும் உதவாது. மறுபடி போய், வேர்க்கிழங்கிலிருந்து புதிதாகக் கிளம்பிய இளங்கிளையாகத் தேடி, சுருள் விரியாத நுனி இலையைக் காலை ஏழு மணிக்குள் பறித்தேன். குருத்தை மூடியிருக்கிற உறையில் கருஞ்சுணை, கை இரண்டு நாள் அரித்தது.

அந்த நுனி இலையைத் திரவ நைட்ரஜனை ஊற்றிக் கல்லுரலில் அரைக்க வேண்டும். புகை மாதிரி வெள்ளையாகப் பொங்கும், இலை கண்ணாடி போல நொறுங்கிப் பச்சை மாவாகும். மாவு உருகிவிடும் முன் 65 டிகிரியில் காத்திருக்கிற, சோப்பு மாதிரியான சிடிஏபி கரைசலுக்குள் போட்டுவிட வேண்டும், உருகவிட்டால் டிஎன்ஏ துண்டு துண்டாகும். பிறகு குளோரோஃபாம் ஊற்றிச் சுழற்றினால் குழாய்க்குள் மூன்று அடுக்காகப் பிரியும், கீழே பச்சை, நடுவில் அழுக்குத் தட்டு, மேலே தெளிந்த தண்ணீர். அந்த மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, குளிர்ந்த ஐசோபுரொப்பனால் விட்டு மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தால், திடீரென்று பஞ்சு நூல் பிரிந்த மாதிரி வெள்ளையாக ஒன்று மிதந்து வரும். அதுதான். எத்தனை முறை எடுத்தாலும் அந்த நூல் கண்ணில் படுகிற நொடியில் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். மாமா தோட்டத்து மூங்கிலின் மொத்தக் கதையும் அந்த நூலுக்குள் இருக்கிறது.

இருப்பது வேறு, படிப்பது வேறு. ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்து. நெல்லில் ஏறக்குறைய 40 கோடி எழுத்து. மோசோ மூங்கிலில் 200 கோடியை ஒட்டி வரும். சீனாவில் 2013-ல் மோசோவின் வரைவு வெளியானபோது 31,987 மரபணு என்று எண்ணினார்கள். 2018-ல் நீளமாகக் குரோமோசோம் வாரியாகத் திருத்தி அடுக்கியபோது அது 51,074 ஆனது. எழுத்தில் 60 சதவீதத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிற ஒரே மாதிரித் துண்டுகள், மரபணு அதற்கு நடுவில் அங்கங்கே ஒளிந்திருக்கும்.

நம் ஊர் மூங்கில் இன்னும் சிக்கல். மனிதனுக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி. மோசோ மாதிரி குளிர்ப்பிரதேச மூங்கிலுக்கு நான்கு பிரதி, மொத்தம் 48. கல் மூங்கில், முள் மூங்கில் மாதிரி வெப்பப்பிரதேச மூங்கிலுக்கு ஆறு பிரதி, மொத்தம் 72 வரை போகும். எப்படி வந்தது இவ்வளவு? 2019-ல் குன்மிங் தாவரவியல் நிறுவனத்துக்காரர்கள் நான்கு மூங்கில் இனங்களைப் படித்துச் சொன்னது இதுதான்: மிகப் பழங்காலத்தில் வேறு வேறு மூங்கில் மூதாதைகள் கலந்து, பிறந்த பிள்ளை இரண்டு பக்கத்துத் தொகுப்பையும் தள்ளிவிடாமல் மொத்தமாக வைத்துக்கொண்டது. நம் வெப்பப்பிரதேச மூங்கிலுக்குள் அப்படி மூன்று தொகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டிரண்டு பிரதியாக, இருக்கிறது. அந்த மூதாதைகள் இன்று பூமியில் எங்கும் இல்லை. பிள்ளைக்குள் மட்டும்தான் இருக்கிறார்கள். 2024-ல் 11 இனங்களின் மரபணுத் தொகுதியை வைத்துப் பார்த்ததில், ஒரு கூட்டுக் குடும்பத்தில் எந்த அண்ணன் பேச்சு எடுபடும் என்பது காலத்துக்குக் காலம் மாறுகிற மாதிரி, அந்தத் தொகுப்புகளில் எதன் கை ஓங்குகிறது என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்று தெரிந்தது.

இதைப் படிப்பதில் உள்ள கஷ்டம் புரிய வேண்டுமானால் இப்படி நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் என்ன இருக்கும்? தாத்தா பாட்டி பெயர், அப்பா அம்மா பெயர், பெரியப்பா சித்தப்பா மாமன்மார் வரிசை, ஊர், கோயில், மண்டபம். ஒரே பங்காளிக் குடும்பத்தின் ஆறு கல்யாணத்துப் பத்திரிகைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நூறு நூறு பிரதி வைத்து, எல்லாவற்றையும் விரல்கடை அளவுக்குக் கிழித்து ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கி, "ஆறையும் தனித்தனியாக ஒட்டிக் கொடு" என்றால்? பாதித் துண்டில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்றுதான் இருக்கும், அது எந்தப் பத்திரிகைக்குச் சொந்தம் என்று யாருக்குத் தெரியும். மாமன் பெயரோ மண்டபத்தின் பெயரோ இருக்கிற துண்டு கிடைத்தால்தான் பிழைத்தோம். டிஎன்ஏவைப் படிக்கிற இல்லுமினா இயந்திரம் கொடுப்பது 150 எழுத்துத் துண்டு, அது விரல்கடைக் கிழிசல். பேக்பயோ, நானோபோர் மாதிரி புதிய இயந்திரங்கள் பல்லாயிரம் எழுத்து நீளத்துக்கு ஒரே மூச்சில் படிக்கின்றன, அதாவது பத்திரிகையின் கால் பக்கம் கிழியாமல் கையில் கிடைக்கிறது. மூங்கில் ஆராய்ச்சி கடந்த சில வருஷங்களில் வேகம் பிடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

கோயம்புத்தூரில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறபோது எனக்கு அடிக்கடி தாவரவியலாளர் ஜானகி அம்மாள் நினைவு வரும். 1930-களில் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இருந்தவர். கரும்பையும் மூங்கிலையும் கலக்க அங்கே கரும்பு நிபுணராக இருந்த வேங்கடராமன் செய்த முயற்சியில் வந்த செடிகளின் குரோமோசோம்களை எண்ணி 1938-ல் அவர் வெளியிட்டார். கரும்பும் நம் முள் மூங்கிலும்! நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, புள்ளி புள்ளியாகத் தெரிகிற குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். எங்களுக்குக் கணினி எண்ணிக் கொடுக்கிறது. அந்த எண்ணிக்கையைச் செய்தவர் நடந்த ஊரில் நானும் மூங்கில் படிக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சரி, மாமா மூங்கிலுக்கு வருகிறேன். முழுத் தொகுதியையும் படிக்க வேண்டிய அவசியம் இந்தக் கேள்விக்கு இல்லை. இரண்டு சோதனை செய்தேன். முதலாவது, டிஎன்ஏவில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்து திக்குகிற மாதிரி திரும்பத் திரும்ப வரும், எத்தனை தடவை என்பது செடிக்குச் செடி மாறும். அந்த இடங்களை மட்டும் பெருக்கி ஜெல்லில் ஓட்டினால் கோடு கோடாகத் தெரியும், ஆறு பிரதி இருப்பதால் ஒரே இடத்துக்கு ஐந்தாறு கோடு கூட வரும், படிக்கப் பொறுமை வேண்டும். இரண்டாவது, டிஎன்ஏவை ஒரு வெட்டு நொதியால் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, வெட்டிய ஓரங்களை மட்டும் இயந்திரத்தில் படிக்க வைப்பது. முழுசாகப் படிப்பதைவிடச் செலவு ரொம்பக் குறைவு, ஆனாலும் ஆயிரக்கணக்கான இடங்களை ஒப்பிட முடியும்.

மாமாவின் எட்டுச் செடியும் கோட்டுக்குக் கோடு ஒன்று. பக்கத்துத் தோட்டத்து இரண்டும் அதிலிருந்தும் வேறு, ஒன்றுக்கொன்றும் வேறு. வரிசைப்படுத்திய தரவு வந்தபோதும் அதேதான். எட்டுக்குள் இருந்த அற்பசொற்ப வித்தியாசம் இயந்திரம் தப்பாகப் படித்த அளவுக்குள்தான் இருந்தது. நான் எடுத்தது எட்டுதான், ஆனால் 150-உம் ஒரே நாள் கணக்கில் பூத்ததையும் சேர்த்துப் பார்த்தால், மாமா நட்டது 150 மூங்கில் இல்லை, 150 இடத்தில் நிற்கிற ஒரே மூங்கில். ஒரே தாய்க்குத்து. அது எப்போது முளைத்தது என்பது அந்த நாற்றுப் பண்ணைக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம், கேட்டபோது "நல்ல ரகம்ங்க" என்றுதான் பதில் வந்தது.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூங்கில் ஒன்றா வேறா, எது எந்த இனம், எதற்கு எது சொந்தம் என்பதை மரபணு வரிசை சொல்லும். பூவை வைத்துத்தான் தாவரத்தை அடையாளம் காண்பது வழக்கம், ஆனால் நாற்பது வருஷம் பூக்காத செடியை எதை வைத்து அடையாளம் காண்பது? குருத்து உறையைப் பார்த்துத்தான் இதுவரை சொல்லிவந்தார்கள், அந்த இடத்தில் டிஎன்ஏ பெரிய உதவி. அதிலும் கஷ்டம் இருக்கிறது, மரமூங்கில் இனங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம், பச்சையம் இருக்கிற பசுங்கணிகத்தின் டிஎன்ஏவில் இருக்கிற 1,39,000 சொச்சம் எழுத்திலும் அவற்றுக்குள் வித்தியாசம் கொஞ்சமே, அதனால் மற்ற செடிகளுக்குப் பயன்படுகிற சுருக்கமான டிஎன்ஏ அடையாளத் துண்டுகள் இங்கே பலமுறை கையை விரித்துவிடும். எத்தனை வருஷத்தில் பூக்கும் என்பதை மட்டும் வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. பூக்கச் சொல்லி இலையிலிருந்து நுனிக்குப் போகிற புரதத்தை உண்டாக்குகிற எஃப்டி மாதிரி மரபணுக்கள் நெல்லில் இருப்பது போலவே மூங்கிலிலும் இருக்கின்றன. அவற்றை இத்தனை வருஷம் பூட்டி வைத்திருப்பது எது என்பதுதான் தேடல்.

மாமா சும்மா கேட்கிறவர் இல்லை. "போன ரெண்டு வருசமா மழையே இல்ல கண்ணு, காஞ்சு கெடந்துச்சு, அதுனால இருக்குமோ?" என்றார். 2013-ல் மோசோ ஆய்வில் பூத்த பகுதிகளைப் படித்தபோது, வறட்சியைத் தாங்க உதவுகிற மரபணுக்களுக்கும் பூக்கிற மரபணுக்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. ஏற்கெனவே வயசு முற்றிய மூங்கிலை வறட்சி கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் நிஜமான நாலு வயசு மூங்கிலை வறட்சி மட்டும் இப்படி ஒட்டுமொத்தமாகப் பூக்க வைத்திருக்காது, பக்கத்துத் தோட்டத்து இரண்டும் அதே வெயிலில் பச்சையாகத்தானே நிற்கின்றன.

எனக்கு ஆதங்கம் இதில்தான். 2017-ல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கிலை மரம் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நல்ல காரியம், வெட்டவும் வண்டியில் ஏற்றவும் இருந்த அலைச்சல் குறைந்தது, தோட்டக்காரர்கள் தைரியமாக நடுகிறார்கள். பல்லடம், காங்கேயம் வரைக்கும் மூங்கில் போயிருக்கிறது. ஆனால் செடி விற்கிறவர்களில் பலர் தாய்க்குத்து எது, அது எந்த வருஷத்து விதை என்று சொல்வதில்லை. மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், தாயின் கறவை கேட்கிறோம். நாற்பது வருஷத்துக்கு நிலத்தை ஒப்படைக்கிற செடிக்கு ஒரு கேள்வி இல்லை. இன்னொன்று, ஒரே தாயை நட்டால் ஒரே நாளில் எல்லாம் போகும், ஒரே நோய்க்கும் எல்லாம் விழும். மோசோவிலேயே 2021-ல் 15 பகுதிகளிலிருந்து 427 மூங்கிலை எடுத்துப் படித்தார்கள். அவ்வளவு பரந்த நிலத்தில் நின்றும் அவற்றுக்குள் மரபணு வேற்றுமை மிகவும் குறைவு என்றுதான் வந்தது, விதையில்லாமல் வேர்க்கிழங்கிலேயே பரவி வந்ததன் விளைவு.

கோவை கௌலி பிரவுன் ரோட்டில் வன மரபியல் நிறுவனம் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது, இந்தச் சோதனை தெரிந்தவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். ஒவ்வொரு பண்ணையும் தாய்க்குத்துக்கு ஓர் எண் போட்டு, இலையைக் கொடுத்து டிஎன்ஏ அடையாளம் எடுத்து, விதை வருஷம் தெரிந்தால் அதையும் எழுதி, வாங்குகிறவர் கையில் ஒரு சீட்டாகக் கொடுக்க வேண்டும். விதை வருஷம் தெரியாத தாயாக இருந்தால் "தெரியாது" என்றே எழுதட்டும். அதுவே பெரிய உதவி, ஐந்தாறு வேறு வேறு தாயிலிருந்து கலந்து நட்டுக்கொள்ளலாம், ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

மாமா முழுக்க ஓய்ந்துவிடவில்லை. சித்திரையில் விதை உதிர ஆரம்பித்ததும் குத்துக்கடியில் தார்ப்பாய் விரித்தார், அத்தையும் அவரும் அள்ளிப் புடைத்ததில் ஏழெட்டுப் படி தேறியது. மூங்கில் விதையை ரொம்ப நாள் வைக்க முடியாது, சில மாதத்திலேயே முளைப்பு குறைந்துவிடும், உடனே போடுங்கள் என்றேன். பையில் மண்ணும் மக்கின எருவும் கலந்து போட்டு, தென்னை நிழலில் அடுக்கினார். பத்துப் பன்னிரண்டு நாளில் நெல் நாற்று மாதிரியே மெல்லிசாகக் கிளம்பியது. நடுநடுவே சில நாற்று சுத்த வெள்ளை, பச்சையமே இல்லாமல், காகிதம் போல. இரண்டு வாரத்தில் அவை வாடிவிட்டன. மூங்கில் விதையில் இது எப்போதும் கொஞ்சம் நடப்பதுதான், ஆனாலும் 150 குத்தும் ஒரே செடி என்பதால் தன் மகரந்தமே தனக்கு விழுந்திருக்கும், மறைந்திருந்த குறைகள் அதில் வெளியே வரும். அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம், வேறு ஊர் விதையும் வாங்கிக் கலந்து நடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், தாளவாடிப் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

தேறிய நாற்றுகளிலிருந்து முப்பதில் இலை எடுத்து மைனஸ் 80 டிகிரி பெட்டியில் வைத்திருக்கிறேன். இவற்றின் பிறந்த நாள் எனக்குத் தெரியும் என்பதுதான் இவற்றின் மதிப்பு. தாய் மூங்கிலுடைய டிஎன்ஏ கையில் இருக்கிறது, பிள்ளைகளுடையதும் இருக்கிறது. ஒரு மூங்கில் வருஷக்கணக்கில் நிற்கும்போது அதன் எழுத்துகளில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும், அதைக் கணக்கிட்டால் வயசு தெரியாத பழைய குத்துகளுக்கு ஒரு தோராய வயசாவது சொல்ல முடியுமா என்று பார்க்க ஆசை. அதற்கு வயசு தெரிந்த மூங்கில்கள் நிறைய வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பள்ளத்து ஓரமோ வேலியிலோ மூங்கில் எப்போதாவது பூத்திருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் எந்த வருஷம் என்று கேட்டு வையுங்கள். "பெரியவள் பொறந்த வருசம்", "ஆத்துல வெள்ளம் வந்த வருசம்" என்று சொன்னாலும் போதும், கண்டுபிடித்துவிடலாம். அந்த விதையில் முளைத்த குத்து எங்காவது நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாமா தன் பங்குக்கு ஒரு தகரத் துண்டில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி "2025 விதை" என்று எழுதி, நாற்று நடப்போகிற வரப்பு முனையில் இருக்கிற வேலிக்கல்லில் கம்பியால் கட்டிவிட்டார். பெயிண்டில் எழுதினால் அழிந்துவிடும் என்றார். பால் சொசைட்டி நோட்டின் பின்பக்கத்திலும் அதையே எழுதி வைத்திருக்கிறார், அத்தை கையெழுத்தில்.